பிசையாத ரொட்டி

பிசையாமல் சுட்டதை ரொட்டி என்று ஒப்புக்கொள்ள முடியாது என்றார் நண்பர். அதைச் சொல்லும்போது, முந்தின நாள் இரவு வெறும் கரண்டியால் கலக்கி வைத்து மறுநாள் முற்பகலில் நான் சுட்டெடுத்திருந்த முழுக்கோதுமை ரொட்டியின் மூன்றாவது துண்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ருசியில் அவருக்குக் குறையில்லை. அவருடைய மறுப்பு அறம் சார்ந்தது. மாவில் மனிதக் கையின் உழைப்பு இறங்க வேண்டும், இறங்காவிட்டால் அது குறுக்குவழி, குறுக்குவழியில் வந்த எதுவும் கலையாகாது என்பது அவர் கட்சி. நண்பர் கவிதை எழுதுகிறவர். அன்று நான் பதிலேதும் சொல்லவில்லை. சொல்ல நினைத்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

(பிரெட் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்த ரொட்டியைத்தான் சொல்கிறேன். ஈழத்தில் இதற்குப் பாண் என்ற நல்ல சொல் இருக்கிறது. போர்த்துகீசியர் விட்டுச் சென்றது. தமிழகத்தில் ரொட்டி என்றால் சப்பாத்தியா, பிரெட்டா என்று ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.)

சமையல் நூல்களில் மாவு பிசையும் இடம் வந்ததும் உரைநடை திடீரென்று கவிதையாகிவிடும். உள்ளங்கையின் வெப்பம், மாவின் மூச்சு, மனத்தின் அமைதி. நானும் சில ஆண்டுகள் அந்த மயக்கத்தில் இருந்தவன்தான். ஆனால் அது வாரத்தில் ஒருநாள், விருப்பத்தோடு, அரைக்கிலோ மாவைப் பிசைகிறவர்களின் மொழி. மூட்டை மூட்டையாகப் பிசைந்தவர்கள் சொன்னது வேறு. மாக்சிம் கார்க்கி இளமையில் கஸான் நகரத்து ரொட்டிக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1899இல் வெளிவந்த அவருடைய ‘இருபத்தாறு ஆண்களும் ஒரு பெண்ணும்’ கதையில், நிலவறையில் அடைபட்டு நாள் முழுக்க மாவோடு மல்லாடும் மனிதர்கள் வருகிறார்கள். சன்னல்களுக்குக் கம்பிவலை அடித்திருக்கும். பிச்சைக்காரர்களுக்கு ஒரு துண்டுகூட வெளியே போய்விடக் கூடாது என்று முதலாளி செய்த ஏற்பாடு. தாங்கள் செய்யும் பண்டத்தைத் தின்னவே அவர்களுக்குக் குமட்டுகிறது. வேறு கறுப்பு ரொட்டியைத்தான் தின்கிறார்கள்.

மார்க்ஸிடமும் இந்த உலகம் உண்டு. லண்டன் ரொட்டித் தொழிலாளர்களின் குறைகளைப் பற்றி 1862இல் ட்ரெமன்ஹீர் என்ற அதிகாரி அளித்த அறிக்கையை ‘மூலதனம்’ முதல் தொகுதியில், வேலைநாளைப் பற்றிய அத்தியாயத்தில் அவர் எடுத்தாள்கிறார். இரவு பதினொரு மணிக்கு மாவைப் பிசையத் தொடங்குவார்கள். பிசைந்து முடித்ததும் அதே தொட்டியை மூடும் பலகையின் மீது, ஒரு சாக்கை விரித்து, ஓரிரு மணி நேரம் உறக்கம். பிறகு மீண்டும் வேலை. லண்டன்வாசி தின்ற ரொட்டியில் மனித வியர்வையும் ஒரு சேர்மானமாக இருந்தது என்பதை மார்க்ஸ் கசப்பான எள்ளலோடு பதிவு செய்திருக்கிறார். நண்பர் சொல்லும் ‘கையின் உழைப்பு இறங்குதல்’ இதுவாகவும் இருந்திருக்கிறது. பிசைவதில் இன்பம் இருக்கிறது, மறுக்கவில்லை. இன்பம் வேறு, இன்றியமையாமை வேறு.

பிசைவது எதற்காக என்று கேட்டால்தான் பிசையாமலிருப்பது எப்படிச் சாத்தியம் என்பது புரியும். கோதுமையில் குளூட்டனின், கிளையடின் என்று இரு வகைப் புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் இவை ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்கிற மீள்தன்மையுள்ள வலையாகின்றன. ஈஸ்ட் வெளிவிடும் கரியமில வாயுவை இந்த வலை பிடித்து வைப்பதால்தான் ரொட்டி உப்புகிறது. பிசைதல் இந்தப் பிணைப்பை விரைவுபடுத்துகிறது, ஒழுங்குபடுத்துகிறது. தண்ணீர் தாராளமாக இருந்து நேரமும் கிடைத்தால் புரத இழைகள் தாமாகவே இணையும். மாவிலேயே உள்ள நொதிகள் இழைகளை ஆங்காங்கே அறுத்து இளக்கிக் கொடுக்கும். பெருகும் குமிழிகள் மாவை உள்ளிருந்தே மெல்ல மெல்ல இழுத்து நீட்டும். கை பத்து நிமிடத்தில் செய்வதைக் குமிழி ஓர் இரவில் செய்கிறது. இட்லிக்கு ஆட்டிக் கரைத்து வைத்துவிட்டு உறங்கப் போகிறவர்களுக்கு இதில் வியப்படைய ஒன்றுமில்லை. இட்லி மாவில் குளூட்டன் கிடையாது, அங்கே நடப்பது வேறு. ஆனால் இரவு தன் வேலையைச் செய்துவிடும் என்ற நம்பிக்கை ஒன்றுதான்.

இந்த முறையை உலகறியச் செய்தவர் நியூயார்க்கின் ஜிம் லேஹி. இத்தாலியில் ரொட்டித் தொழில் கற்றுத் திரும்பி 1994இல் சல்லிவன் ஸ்ட்ரீட் பேக்கரியைத் தொடங்கியவர். 2006 நவம்பரில் நியூயார்க் டைம்ஸில் மார்க் பிட்மன் தன் பத்தியில் லேஹியின் செய்முறையை எழுதினார். மாவு, உப்பு, தண்ணீர், கால் தேக்கரண்டி ஈஸ்ட். கலக்கிப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் மூடி வைப்பது, மடித்து உருட்டி இன்னும் இரண்டு மணி நேரம் விடுவது, பிறகு நன்றாகக் காய்ந்த கனத்த வார்ப்பிரும்புப் பாத்திரத்தில் போட்டு மூடிச் சுடுவது. கடைக்காரர்களுக்கு மட்டுமே வாய்க்கும் என்று எண்ணப்பட்டிருந்த, கத்தி பட்டால் நொறுங்குகிற மேலோடு வீட்டு ஓவனிலேயே வந்துவிட்டது. அந்த ஒரு பத்தியைப் படித்துவிட்டு உலகெங்கும் எத்தனையோ சமையலறைகளில் இரவில் மாவு கலக்கி வைத்தார்கள். அடுத்த ஆண்டுகளில் திருத்தங்களும் வந்தன. அமெரிக்காவின் குக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் 2008இல் சுவை போதவில்லை என்று பீரும் வினிகரும் சேர்த்து, கொஞ்சம் பிசையவும் சொன்னது. வெறும் மைதாவில் ருசி தேடினால் பீர்ப் புட்டியில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

குறுக்குவழி என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ரொட்டி வரலாற்றில் குறுக்குவழி என்று சொல்லத்தக்க ஒன்று உண்டு. அது 1961இல் இங்கிலாந்தின் சோர்லிவுட் கிராமத்து ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்தது. அசுர வேக இயந்திரம் மாவைச் சில நிமிடங்கள் குமுக்கி எடுக்கும். ஈஸ்ட் கூடுதல், கொழுப்பு, அஸ்கார்பிக் அமிலம். மணிக்கணக்கான புளிப்பு நேரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, மாவு உள்ளே போய் நாலு மணி நேரத்துக்குள் துண்டு போட்டுக் காகிதம் சுற்றி வெளியே வந்துவிடும். பிரிட்டனின் ரொட்டியில் மிகப் பெரும்பகுதி இன்றும் இந்த வழியில் வருவதுதான். கவனித்தால், இங்கே பிசைதல் குறையவில்லை, மூர்க்கமாகக் கூடியிருக்கிறது. வெட்டப்பட்டது நேரம். பிரெஞ்சு ரொட்டிக்கலையின் பேராசான் ரேமோன் கால்வெல் வாழ்நாளெல்லாம் புலம்பியதும் இதைப் பற்றித்தான். இயந்திரத்தின் மிகைப்பிசைவு மாவுக்குள் ஆக்சிஜனை ஏற்றி, கோதுமையின் இளமஞ்சள் நிறத்தையும் அதனோடு மணத்தையும் அழித்துவிடுகிறது என்றார். 1974இல் அவர் முன்வைத்த ‘ஆட்டோலீஸ்’ முறை, மாவையும் தண்ணீரையும் கலந்து அரைமணி போலச் சும்மா விட்டுவிடுவது. விட்ட நேரத்துக்குப் பிசையும் நேரம் குறையும். பிசையாத ரொட்டி அந்த அரைமணியை ஓர் இரவாக நீட்டிக்கொண்டது, அவ்வளவே. இதில் யார் குறுக்கே புகுந்தவர் என்பதை நண்பர்தான் சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் வெள்ளை மாவின் கதை. எனக்கு அக்கறை முழுக்கோதுமையில். அங்கே வேறொரு பெயரைச் சொல்லியாக வேண்டும்: டோரிஸ் கிராண்ட்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்து இங்கிலாந்து. கோதுமையில் 85 விழுக்காட்டை மாவாக்கிச் சாம்பல் நிறத்தில் சுட்ட ‘தேசிய ரொட்டி’யை 1942இல் அரசு கொண்டுவந்தது, மக்கள் முகம் சுளித்துக்கொண்டே தின்றார்கள். அந்தச் சூழலில், 1944இல் ‘யுவர் டெய்லி பிரெட்’ என்ற நூலை டோரிஸ் கிராண்ட் வெளியிட்டார். முழுக்கோதுமை மாவில் வெதுவெதுப்பான நீரும் ஈஸ்டும் உப்பும் சிறிது இனிப்பும் சேர்த்துக் கலக்கி, பிசையாமல் நேரே தகரத்தில் போட்டுச் சுடும் ரொட்டி. தனக்கு இது தவறுதலாக வாய்த்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்: ரொட்டி சுடத் தொடங்கிய நாட்களில் பிசைய வேண்டும் என்பதே தெரியாது, தெரிய வந்தபோது, பிசையாத தன் ரொட்டியே ருசியாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டார். ‘கிராண்ட் லோஃப்’ என்ற பெயரில் பிரிட்டிஷ் வீடுகளில் அது பல பத்தாண்டுகள் வாழ்ந்தது. மாவுச்சத்தையும் புரதத்தையும் ஒரே வேளையில் உண்ணக்கூடாது என்பது போன்ற அவருடைய உணவுக் கொள்கைகள் சிலவற்றில் எனக்குத் துளியும் நம்பிக்கையில்லை. அவற்றுக்கு அறிவியல் ஆதாரமும் கிடையாது. ரொட்டி விஷயத்தில் அவர் சொன்னது சரி.

2006இன் ஆரவாரத்தில் இந்த அம்மையாரின் பெயர் அதிகம் அடிபடவில்லை என்பது என் மனத்தாங்கல். லேஹி மீது பழியில்லை. அவர் வேறொரு பாதையில், வேறொரு ரொட்டிக்கு வந்து சேர்ந்தவர். ஆனால் வீட்டுப் பெண் ஒருத்தி கண்டது ‘கைவைத்திய’மாகக் கிடக்கும், அதையே தொழில்முறைச் சமையல்காரர் சொன்னால் கண்டுபிடிப்பாகிவிடும் என்கிற வழக்கம் இலக்கியத்துக்கும் புதிதல்ல.

இருவரிடமும் ஒரு குறை உண்டு. கிராண்டின் ரொட்டியில் முழுக்கோதுமை இருக்கிறது, நேரம் இல்லை. ஈஸ்டை அள்ளிப்போட்டு இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் சமாச்சாரம். ஈரமாக, அடர்த்தியாக, தகரத்தின் வடிவில், மேலோடு என்று சொல்லிக்கொள்ள ஏதுமின்றி வரும். லேஹியிடம் நேரமும் மேலோடும் இருக்கின்றன, தவிடு இல்லை. 2009இல் வந்த ‘மை பிரெட்’ நூலில் முழுக்கோதுமை ரொட்டி என்று அவர் தருவதில்கூட நானூறு கிராம் மாவில் நூறு கிராம்தான் முழுக்கோதுமை. மொறுமொறுப்பான, நூற்றுக்கு நூறு முழுக்கோதுமையான ரொட்டி வேண்டுமென்றால் இருவரையும் ஒரே சமையலறைக்கு அழைத்து வர வேண்டும். சம்பந்தம் பேசுவது எளிதாக இல்லை.

என் முதல் முயற்சியைச் சொன்னால் விளங்கும். லேஹியின் அளவுகளை அப்படியே வைத்துக்கொண்டு மாவை மட்டும் மாற்றினேன். பதினெட்டு மணி நேரம் விட்டேன். பாத்திரத்திலிருந்து வந்தது உட்காரும் பலகை. உள்ளே சாராய நெடி. பிறகுதான் காரணங்களைத் தேடிப் படித்தேன். தவிட்டின் கூரிய துணுக்குகள் குளூட்டன் இழைகளைக் குறுக்கே வெட்டுகின்றன. முளைப்பகுதியில் உள்ள குளூட்டாதயோன் என்ற பொருள் வலையை மேலும் தளர்த்துகிறது. தவிட்டோடு வரும் தாதுக்களும் நொதிகளும் புளிப்பை முடுக்கிவிடுகின்றன. அதாவது வெள்ளை மாவுக்குப் பதினெட்டு மணி நேரம் என்றால் முழுக்கோதுமைக்குப் பத்து, பன்னிரண்டே அதிகம். அதுவும் 21, 22 டிகிரி வெப்பத்தில். சென்னையின் மே மாத இரவில் ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் விட்டால் மாவு பொங்கி அமிழ்ந்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் கலப்பதும் ஈஸ்டைப் பாதியாக்குவதும் ஓரளவு கைகொடுக்கும்.

தண்ணீரும் கூட வேண்டும். வெள்ளை மாவு நானூறு கிராமுக்கு 300 கிராம் தண்ணீர் என்றால், முழுக்கோதுமைக்கு 340. உப்பு 8 கிராம். தவிடு தண்ணீரை நிதானமாகத்தான் குடிக்கும். கலந்தவுடன் சேறு போலிருக்கும் கலவை (பிசையாததை எப்படிப் ‘பிசைந்த மாவு’ என்பது?) காலையில் பார்த்தால் தானே ஒருங்கி, ஊறிய தவிடு முனை மழுங்கி, ஈரக்கையால் நாலு மடிப்பு மடிக்கும் பதத்தில் இருக்கும். பிசையாத முறை வெள்ளை மாவைவிட முழுக்கோதுமைக்கே பொருந்துகிறது என்று நான் சாதிப்பது இதனால்தான். உலர்ந்த தவிட்டை வைத்துக்கொண்டு ஓங்கிப் பிசைவது வலையைப் பின்னிக்கொண்டே கத்தரிப்பது போன்றது. ஊற விடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. தவிட்டில் உள்ள ஃபைடிக் அமிலம் இரும்பு, துத்தநாகச் சத்துகளைக் கட்டிப்போட்டு உடலில் சேரவிடாமல் தடுப்பது. நீண்ட புளிப்பில் அது கணிசமாகச் சிதைகிறது. முழுத் தானியத்தை அவசர அவசரமாகச் சுட்டால் சத்தில் ஒரு பங்கு உள்ளே பூட்டியபடியே வெளியேறிவிடும்.

நம் வீட்டு ஆட்டா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சக்கி எனப்படும் கல் எந்திரத்தில் அழுத்தமும் சூடும் பட்டு அரைபடுவதால் அதன் மாவுச்சத்து மணிகள் பெரிய அளவில் உடைந்திருக்கும். உடைந்த மணி தண்ணீரை அதிகம் உறிஞ்சும். சப்பாத்தி மிருதுவாக வருவதும் அதனால்தான். ரொட்டியில் அதே குணம் எதிராகத் திரும்புகிறது. உடைந்த மாவுச்சத்தை நொதிகள் சுலபமாகச் சர்க்கரையாக்கிவிடுவதால் இரவு நீண்டால் கலவை பிசுபிசுத்து இளகிவிடும், சுட்ட பிறகும் உள்ளே பசை போல ஒட்டும். ஆட்டாவில் ரொட்டி ஆகாது என்று சிலர் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். ஆகும். தண்ணீரைக் கூட்டி, நேரத்தைக் குறைத்தால் ஆகும். உயரம் மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

மேலோட்டின் ரகசியம் மூடிய பாத்திரம். ஓவனோடு சேர்த்து 230 டிகிரியில் அரைமணி காய்ந்த பாத்திரத்துக்குள் ஈரமாவு விழுந்ததும் அதன் தண்ணீரே ஆவியாகி உள்ளே அடைபடுகிறது. ஆவி படும்வரை மேற்பரப்பு காய்ந்து இறுகாது. ரொட்டி தடையின்றி உப்பும். மேலேயுள்ள மாவுச்சத்து கஞ்சி போல் வெந்து மெல்லிய பூச்சாகப் படியும். முப்பது நிமிடத்துக்குப் பின் மூடியை எடுத்தால் அந்தப் பூச்சு உலர்ந்து, சிவந்து, கண்ணாடி போல் நொறுங்கும் ஓடாகிறது. இன்னும் இருபது நிமிடம் பொறுக்க வேண்டும். நிறத்தைப் பார்த்துப் பயந்து முன்னாலேயே எடுப்பவர்கள்தான் பெரும்பாலோர். தேக்கின் பழுப்பு வரும்வரை விடலாம். இதுவும் புதிதில்லை. கிறிஸ்துவுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரோமானியர் காட்டோ, தன் வேளாண்மை நூலில் ரொட்டியை மண்மூடிக்குக் கீழே சுடச் சொல்கிறார். (அவர் நன்றாகப் பிசையவும் சொல்கிறார். நண்பருக்கு இந்த இடம் பிடிக்கும்.)

யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்ற பிரசாரத்தில் எனக்கு உடன்பாடில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். கையின் உழைப்பு குறைகிறது, உண்மை. பதிலுக்கு ஒரு கனத்த பாத்திரம், 230 டிகிரி எட்டும் ஓவன், ஒன்றரை மணி நேரத்து மின்சாரம் கேட்கிறது. இரவு பத்துக்குக் கலந்தால் காலை எட்டுக்கு வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும்; பத்தரைக்கும் இருக்க வேண்டும். மொத்த வேலை கால்மணிதான், ஆனால் அந்தக் கால்மணி பதினான்கு மணி நேரத்துக்குள் சிதறிக் கிடக்கிறது. வீட்டிலிருப்பவரின் நேரத்துக்குக் கணக்கு வைக்காத பழக்கத்தில்தான் இதை ‘வேலையே இல்லை’ என்கிறோம்.

கடைசியாக, துளைகள். வீட்டில் ரொட்டி சுடுகிறவர்கள் வெட்டிய முகத்தைப் படமெடுத்து, எத்தனை பெரிய துளை என்று காட்டிப் பெருமைப்படுகிறார்கள். முழுக்கோதுமையில் அந்தத் துளைகள் வராது. சிறிய, நெருக்கமான கண்கள்தான் வரும். அது தோல்வி என்று நினைத்துப் பலர் பாதிக்குப் பாதி மைதா கலக்கத் தொடங்கி, அப்புறம் முக்கால்வாசியாக்கி, கடைசியில் பழுப்பு நிறம் மட்டும் மிஞ்சுகிற இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். நிறம்தான் வேண்டுமென்றால் அதற்கு இத்தனை பாடு எதற்கு? ‘பிரவுன் பிரெட்’ என்று விற்கும் பொட்டலங்கள் பலவற்றின் பின்புறத்தைப் படியுங்கள். முதலில் மைதா இருக்கும், எங்கோ கீழே கேரமல் நிறமி இருக்கும். வெள்ளை ரொட்டியின் அளவுகோலை வைத்து முழுக்கோதுமையை அளக்கும்வரை இந்த ஏமாற்றுக்கு வாடிக்கையாளர் இருந்துகொண்டே இருப்பார்கள். அடர்த்தி அதன் இயல்பு. கம்பங்களியிடம் சென்று ஏன் இடியாப்பமாக இல்லை என்று யாரும் கேட்பதில்லை.

ஓவனிலிருந்து எடுத்ததும் அறுக்காதீர்கள். கம்பித்தட்டில் வைத்தால் மேலோடு குளிர்ந்து சுருங்கும்போது சன்னமாக வெடிக்கும் ஓசை கேட்கும். உள்ளே மாவுச்சத்து இறுக இரண்டு மணி நேரமாவது ஆகும். முழுக்கோதுமைக்கு மறுநாள் இன்னும் நல்லது. வெண்ணெயைவிட நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் இதற்குப் பொருத்தம் என்பது என் சொந்தக் கருத்து, வீட்டில் ஆதரவில்லை.

நண்பர் அன்று மீதிப் பாதியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். நான்கு நாள் கழித்துத் தொலைபேசியில் வந்தார். புதுக் கவிதை ஒன்றைப் பற்றி வெகுநேரம் பேசிவிட்டு, வைப்பதற்கு முன், அந்த மாவுக்குத் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டார். எந்த மாவு என்றேன். வீட்டில் இருக்கும் ஆட்டாதான். அப்படியானால் 360 கிராம், ஏழு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள் என்றேன்.